கை இல்லை... ஆனா வலிக்குது! ஒரு கண்ணாடியை வைத்து மூளையை உலகத்துக்கு விளக்கிய டாக்டர் வி.எஸ்.ராமச்சந்திரன் யார்?

விபத்தில் ஒருவருக்கு கை போய்விட்டது. தோளுக்குக் கீழே எதுவும் இல்லை. ஆனால், விரல்கள் இறுக மூடி, நகம் உள்ளங்கையில் குத்துவது போல ராத்திரி முழுக்க வலி. விரலை விரிக்கலாம் என்றால், விரிக்க விரலே இல்லை!

இல்லாத கைக்கு எங்கே மருந்து போடுவது? ஊசியை எங்கே குத்துவது?

டாக்டர்களைப் பல காலம் குழப்பிய இந்தக் கேள்விக்கு, 1990-களில் ஒரு பெட்டியையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் வைத்துப் பதில் தேடினார் ஒருவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன்தான் அவர்.

மூளையைப் பற்றி சாதாரண மக்களுக்குப் புரியும்படி பேசியவர்கள் பட்டியலில் இவர் பெயர் முன்வரிசையில் இருக்கும். அதே நேரம், இவர் சொன்ன எல்லாமே அப்படியே நிலைத்துவிட்டதா? இல்லை. அந்த இரண்டு பக்கத்தையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

சுருக்கமா சொன்னா...

- 1951-ல் தமிழ்நாட்டில் பிறந்தவர். ஸ்டான்லியில் மருத்துவம், கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம், அமெரிக்காவில் பேராசிரியர்.
- கை, கால் இழந்தவர்களின் 'மாய உறுப்பு' வலிக்கு கண்ணாடி சிகிச்சையை அறிமுகப்படுத்தியவர்.
- புத்தகம், வானொலி, டிவி, மேடை என எல்லா வழியிலும் மூளை அறிவியலை மக்களிடம் கொண்டு சென்றவர்.
- இவருடைய சில கருத்துகள் பின்னாளில் கடும் விமர்சனத்துக்கு உள்ளாகின.

யார் இந்த ராமச்சந்திரன்?

இந்திய அரசியல் சாசனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன் இவர். அப்பா ஒரு பொறியாளர். ஐ.நா. அமைப்பில் வேலை என்பதால், ராமச்சந்திரனின் பள்ளிப் பருவத்தில் ஒரு பகுதி தாய்லாந்தின் பாங்காக்கில் கழிந்தது. கிளிஞ்சல் பொறுக்குவது, புதைபடிவங்கள் சேகரிப்பது, வீட்டிலேயே சின்னச் சின்ன சோதனைகள் செய்வது எல்லாம் சின்ன வயதுப் பழக்கங்கள்.

மருத்துவம் படிக்க வந்த இடம் சென்னை ஸ்டான்லி. மாணவராக இருந்தபோதே, 1972-ல், இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது நமக்கு ஆழம் எப்படித் தெரிகிறது என்பது பற்றி அவர் எழுதிய ஆய்வு 'நேச்சர்' இதழில் வெளியானது. உலகின் மிக முக்கியமான அறிவியல் இதழ்களில் ஒன்று அது. அப்போது அவருக்கு வயது 20!

அதன் பிறகு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். பிறகு அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் ஆராய்ச்சி. 1983-ல் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை உதவிப் பேராசிரியர். அங்கேதான் அவருடைய பெரிய வேலைகள் எல்லாம் நடந்தன.

பெரிய மெஷின் வேண்டாம்... பேப்பர் போதும்!

மூளை ஆராய்ச்சி என்றாலே கோடிக்கணக்கில் விலை போகும் ஸ்கேன் மெஷின்தான் நினைவுக்கு வரும். ராமச்சந்திரன் போன வழி வேறு. ஆரம்பத்தில் அவர் ஆராய்ந்தது கண் பார்வையை. அதற்குத் தேவைப்பட்டது பெரும்பாலும் சில படங்கள், கொஞ்சம் யோசனை.

நீங்களே இப்போ ஒரு சோதனை செய்து பாருங்க.

ஒரு வெள்ளைத் தாளில் இடது பக்கம் ஒரு பெருக்கல் குறி போடுங்க. அதிலிருந்து 8 செ.மீ. தள்ளி வலது பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்க. இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பாருங்க. தாளை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்க. முகத்திலிருந்து சுமார் 30 செ.மீ. தூரம் வரும்போது அந்தப் புள்ளி காணாமல் போயிடும்!

புள்ளி எங்கே போச்சு? கண்ணிலிருந்து மூளைக்கு நரம்பு கிளம்பும் இடத்தில், ஒளியை உணரும் செல்கள் கிடையாது. அதுதான் 'குருட்டுப் புள்ளி'. நம் எல்லோருக்கும் இது உண்டு. ஆனால், பார்வையில் ஓட்டை இருப்பது ஒருநாளும் நமக்குத் தெரிவதில்லை. ஏனென்றால், சுற்றியுள்ள நிறத்தை வைத்து மூளையே அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது.

இந்தக் குருட்டுப் புள்ளி 17-ம் நூற்றாண்டிலேயே கண்டுபிடிக்கப்பட்ட விஷயம்தான். அந்த ஓட்டையை மூளை எந்த விதிகளின்படி நிரப்புகிறது என்று விதவிதமான படங்களை வைத்துச் சோதித்தவர்களில் ராமச்சந்திரன் முக்கியமானவர்.

இன்னொன்று. நிலாவில் உள்ள பள்ளங்களின் படத்தை போனில் திறந்து, போனைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்க. பல நேரம் பள்ளம் மேடாகத் தெரியும். வெளிச்சம் எப்போதும் மேலிருந்துதான் வரும் என்று மூளை தானாகவே எடுத்துக்கொள்வதுதான் காரணம். வெறும் வட்டங்களுக்கு நிழல் பூசி இதைத் தெளிவாகக் காட்டினார் ராமச்சந்திரன்.

ஆக, நாம் பார்ப்பது கேமரா எடுத்த படம் மாதிரி கிடையாது. கிடைத்த தகவலை வைத்து மூளை ஒரு முடிவுக்கு வருகிறது. இந்தப் பாடம்தான் அவரை அடுத்த பெரிய கேள்விக்கு அழைத்துச் சென்றது.

இல்லாத கை எப்படி வலிக்கும்?

இந்தப் பிரச்னைக்கு 'மாய உறுப்பு' என்று பெயர் வந்தது 1871-ல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை, கால் இழந்த வீரர்களைக் கவனித்த டாக்டர் சைலஸ் வெயர் மிட்செல் வைத்த பெயர் அது. கை, கால் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு, அந்த உறுப்பு இன்னும் இருப்பது போன்ற உணர்வு வரும். பலருக்கு அதோடு வலியும் சேர்ந்து வரும்.

வெட்டுப்பட்ட நரம்பு நுனிகள்தான் காரணம் என்று பலர் நினைத்தார்கள். அதனால், எஞ்சிய பகுதியை இன்னும் கொஞ்சம் வெட்டி எடுக்கும் ஆபரேஷன்கூட நடந்தது. ஆனாலும் பலருக்கு வலி திரும்ப வந்தது.

1991-ல் டிம் பான்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு குரங்குகளிடம் ஒரு வினோதத்தைக் கண்டது. கையிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் பல ஆண்டுகளுக்கு முன்பே துண்டிக்கப்பட்ட குரங்குகள் அவை. அவற்றின் முகத்தைத் தொட்டபோது, மூளையில் 'கை'க்கான இடம் வேலை செய்தது!

இது எப்படி? நம் உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையின் மேற்பரப்பில் ஒரு இடம் உண்டு. ஒரு மேப் மாதிரி வைத்துக்கொள்ளுங்க. ஆனால், உடம்பில் இருக்கும் அதே வரிசையில் அந்த மேப் இருக்காது. கைக்கான இடத்துக்குப் பக்கத்து வீடு, முகத்துக்கான இடம்!

பஞ்சுக் குச்சியால் ஒரு சோதனை

இந்த ஆய்வைப் படித்த ராமச்சந்திரனுக்கு ஒரு கேள்வி வந்தது. குரங்கிடம் 'உனக்கு என்ன தெரியுது?' என்று கேட்க முடியாது. மனிதரிடம் கேட்கலாமே?

கையை இழந்த ஒரு இளைஞரை ஆய்வகத்துக்கு வரவழைத்தார். அவர் கண்ணைக் கட்டிவிட்டு, காது சுத்தம் செய்யும் பஞ்சுக் குச்சியால் உடம்பின் ஒவ்வொரு இடமாகத் தொட்டார். எங்கே தெரிகிறது என்று கேட்டார்.

கன்னத்தைத் தொட்டபோது, கன்னத்திலும் தெரிகிறது, இல்லாத கட்டைவிரலிலும் தெரிகிறது என்றார் அந்த இளைஞர். மேல் உதட்டைத் தொட்டபோது ஆள்காட்டி விரல். இப்படி முகத்திலேயே ஒரு முழுக் கையின் வரைபடம் கிடைத்தது. முகத்தில் வெந்நீர் வழிந்தபோது, இல்லாத கையில் வெந்நீர் ஓடுவது போல உணர்ந்தார்.

கையிலிருந்து தகவல் வருவது நின்றதும், பக்கத்தில் உள்ள முகத்தின் தகவல் அந்தக் காலி இடத்துக்குள் நுழைந்துவிட்டது. இதுதான் ராமச்சந்திரன் தந்த விளக்கம். வளர்ந்த மனிதரின் மூளை மாறவே மாறாது என்ற பழைய நம்பிக்கையை அசைத்துப் பார்த்த ஆய்வுகளில் இதுவும் ஒன்று. (இந்த விளக்கத்துக்கு இன்று என்ன ஆனது என்பதைக் கீழே பார்ப்போம்.)

கண்ணாடிப் பெட்டி வந்த கதை

அடுத்த கேள்வி இன்னும் கஷ்டமானது. சிலருடைய மாயக் கை அசையும். சிலருக்கு அது ஒரே நிலையில் உறைந்து கிடக்கும். ஏன்?

அப்படி உறைந்து போனவர்களில் பலருக்கு, கையை எடுப்பதற்கு முன்பே நரம்பு அறுபட்டு கை செயலிழந்து இருந்தது தெரிய வந்தது. மூளை 'அசை' என்று உத்தரவு போடுகிறது. கண் பார்க்கிறது, கை அசையவில்லை. மறுபடி உத்தரவு, மறுபடி தோல்வி. மாதக்கணக்கில் இப்படியே போனால், இந்தக் கை அசையாது என்று மூளை கற்றுக்கொண்டு விடுகிறது. கையை எடுத்த பிறகும் அந்தப் பாடம் மறப்பதில்லை. இது ராமச்சந்திரனின் யூகம்.

அப்படியானால், கை அசைவதை மூளைக்குக் காட்டினால் அந்தப் பாடம் மாறுமா? இல்லாத கையை எப்படிக் காட்டுவது?

மேல்மூடி இல்லாத ஒரு பெட்டி. நடுவில் செங்குத்தாக ஒரு கண்ணாடி. நல்ல கையை கண்ணாடிக்கு முன்னால் நீட்ட வேண்டும். மாயக் கை கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியைப் பார்த்தால், நல்ல கையின் பிம்பம் சரியாக இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். நல்ல கையை அசைத்தால், 'அந்தக் கை'யும் அசையும்.

விபத்தில் நரம்பு அறுந்து, ஓராண்டு கழித்து கையை இழந்தவர் ஒருவர். 10 வருடமாக அவருடைய மாயக் கை உறைந்து கிடந்தது. கண்ணாடியைப் பார்த்தபடி நல்ல கையை அசைத்ததும், மாயக் கையும் அசைவதை உணர்ந்தார். கண்ணை மூடினால் மறுபடி உறைந்தது. திறந்தால் அசைந்தது!

பெட்டியை அவரிடமே கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வாரப் பயிற்சிக்குப் பிறகு, மாயக் கையே காணாமல் போய்விட்டது. தோள் பக்கத்தில் விரல்கள் மட்டும் தெரிந்தன. முழங்கை வலியும் போனது.

1996-ல் ராமச்சந்திரனும், அவருடைய மனைவியும் ஆய்வாளருமான டயான் ரோஜர்ஸ்-ராமச்சந்திரனும் இந்த முடிவுகளை வெளியிட்டார்கள். சோதனையில் இருந்தவர்கள் 10 பேர். அதில் 6 பேருக்கு மாயக் கை அசைவது தெரிந்தது. விரல்கள் இறுகும் வலி 5 பேருக்கு இருந்தது. அவர்களில் 4 பேருக்கு, கண்ணாடியைப் பார்த்தபடி கையை விரித்ததும் அந்த இறுக்கம் தளர்ந்தது.

கண்ணாடி சிகிச்சை நிஜமாவே பலன் தருதா?

10 பேரை வைத்து முடிவு சொல்ல முடியாது இல்லையா? அதனால் மற்றவர்கள் சோதித்தார்கள்.

2007-ல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. 18 பேர் நான்கு வாரங்களை முடித்தார்கள். குழுவுக்கு 6 பேர்.

- முதல் குழு கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி செய்தது: 6 பேருக்கும் வலி குறைந்தது.
- இரண்டாவது குழுவுக்கு கண்ணாடி மூடப்பட்டிருந்தது: ஒருவருக்கு மட்டும் குறைந்தது, 3 பேருக்கு அதிகமானது.
- மூன்றாவது குழு மனதில் கற்பனை மட்டும் செய்தது: 2 பேருக்குக் குறைந்தது, 4 பேருக்கு அதிகமானது.

முடிவு நம்பிக்கை தந்தது. ஆனால், இதுவும் சின்ன ஆய்வுதான். அதன் பின் வந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள், மாய வலிக்கு இது சிலருக்குப் பலன் தருகிறது, எல்லோருக்கும் இல்லை, ஆதாரம் இன்னும் வலுவாக வேண்டும் என்கிறார்கள்.

எதிர்பாராத பலன் வேறு இடத்தில் கிடைத்தது. பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்களுக்கு இதே கண்ணாடிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் வெளியான காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கை, கால் அசைவு மேம்பட இது ஓரளவு உதவுகிறது என்று சொன்னது. வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துச் செய்யும் பயிற்சி இது.

கவனிக்க: உங்கள் வீட்டில் சர்க்கரை நோயாலோ விபத்தாலோ காலை, கையை இழந்தவர் இருந்து, இல்லாத காலில் வலிக்கிறது என்று சொன்னால், அதை பிரமை என்று ஒதுக்காதீங்க. அந்த வலி நிஜம். மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் கண்ணாடி சிகிச்சை பற்றிக் கேட்கலாம். சிலருக்கு தலைசுற்றலோ மன வேதனையோ வரக்கூடும். அதனால் ஆலோசனை இல்லாமல் தொடங்க வேண்டாம்.

'இவங்க என் அம்மா இல்ல!'

ராமச்சந்திரன் அடிக்கடி சொல்லும் இன்னொரு கதை, தலையில் பலத்த அடிபட்டு கோமாவிலிருந்து மீண்ட ஒரு இளைஞர் பற்றியது. பேச்சு, நினைவு எல்லாம் தெளிவு. ஆனால், அம்மாவைப் பார்த்ததும் இவர் என் அம்மா மாதிரியே இருக்கிறார், ஆனால் அம்மா இல்லை, வேஷம் போட்டு வந்திருக்கிறார் என்று சொல்வார்.

அதே அம்மா போன் செய்தால்? குரலைக் கேட்டதும் உடனே அம்மா என்று புரிந்துகொள்வார்!

இதற்கு 'காப்கிராஸ்' பிரச்னை என்று பெயர். பைத்தியம் என்று முத்திரை குத்திவிட்டுப் போகக்கூடிய ஒன்றுக்கு, ராமச்சந்திரனும் சக ஆய்வாளர் வில்லியம் ஹிர்ஸ்டைனும் விளக்கம் தந்தார்கள். முகத்தை அடையாளம் காணும் பகுதி நன்றாகவே இருக்கிறது. அங்கிருந்து உணர்ச்சிகளைக் கையாளும் பகுதிக்குப் போகும் பாதைதான் அறுந்திருக்கிறது. அதனால் முகம் தெரிகிறது, பாசம் வரவில்லை. பாசம் வராததால், மூளை இது வேறு ஆள் என்று முடிவு கட்டுகிறது. காதிலிருந்து போகும் பாதை தனி. அது அறுபடவில்லை. அதனால்தான் போனில் பிரச்னை இல்லை.

இப்படிப்பட்ட விளக்கத்தை மற்ற ஆய்வாளர்களும் முன்பே சொல்லியிருந்தார்கள். தெரிந்தவர்களின் முகத்தைப் பார்க்கும்போது உணர்ச்சியால் சருமத்தில் ஏற்படும் லேசான வியர்வையை அளந்து, அந்த மாற்றம் இவரிடம் இல்லை என்று காட்டியது ராமச்சந்திரன் குழு.

'பூபா' யார்? 'கிக்கி' யார்?

இப்போ உங்களுக்கு ஒரு கேள்வி. இரண்டு உருவங்கள். ஒன்று மேகம் மாதிரி வளைவு வளைவாக இருக்கிறது. இன்னொன்று உடைந்த கண்ணாடித் துண்டு மாதிரி கூராக இருக்கிறது. ஒன்றின் பெயர் 'பூபா', மற்றொன்றின் பெயர் 'கிக்கி'. எது எது?

வளைந்தது பூபா, கூரானது கிக்கி என்றுதானே சொல்வீங்க? பெரும்பாலானவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

1929-லேயே வொல்ஃப்காங் கோலர் என்ற உளவியலாளர் வேறு பெயர்களை வைத்து இதைச் செய்திருந்தார். 2001-ல் ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் 'பூபா, கிக்கி' என்ற பெயர்களுடன் திரும்பக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க மாணவர்களிடம் மட்டுமல்ல, இந்தியாவில் தமிழ் பேசுபவர்களிடமும் இதைக் கேட்டார்கள்.

ஏன் தமிழ்? ஆங்கில எழுத்தின் வடிவம் கூராக இருப்பதால்தான் 'கிக்கி' என்பது கூரான உருவத்தோடு சேர்கிறது என்று ஒருவர் சொல்லலாம். நம்ம எழுத்தின் வடிவமே வேறு. அப்படியும் பதில் அதேதான் என்றால், காரணம் எழுத்தில் இல்லை, ஒலிக்கும் உருவத்துக்கும் மூளைக்குள் ஏதோ இணைப்பு இருக்கிறது என்று வாதிட்டார்.

சுமார் 95 சதவீதம் பேர் ஒரே பதிலைச் சொன்னதாக அவர்கள் எழுதினார்கள். பின்னர் வேறு ஆய்வாளர்கள் 25 மொழிகள் பேசுபவர்களிடம் சோதித்தபோது, சராசரியாக 72 சதவீதம் பேர் அதே பதிலைச் சொன்னார்கள். விஷயம் உண்மைதான். முதலில் சொன்ன அளவுக்குப் பெரிதாக இல்லை, அவ்வளவுதான்.

மக்களிடம் எப்படிக் கொண்டு போனார்?

1998-ல் பத்திரிகையாளர் சாண்ட்ரா பிளேக்ஸ்லீயுடன் சேர்ந்து ராமச்சந்திரன் எழுதிய 'ஃபேன்டம்ஸ் இன் தி பிரெய்ன்' புத்தகம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதற்கு முன்னுரை எழுதியவர், நோயாளிகளின் கதைகளை எழுதிப் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ்.

2003-ல் பிபிசி-யின் 'ரீத்' சொற்பொழிவுகளை வழங்கினார். 1948-ல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் தொடங்கிவைத்த வானொலித் தொடர் அது. அணுகுண்டு விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் 1953-ல் பேசிய அதே தொடரில், ஸ்டான்லி மாணவர் மூளையைப் பற்றிப் பேசினார். 2007-ல் அவர் பேசிய டெட் உரையை இன்றும் இணையத்தில் பார்க்கலாம். அதே ஆண்டு மத்திய அரசு பத்ம பூஷண் விருது வழங்கியது. 2011-ல் 'டைம்' இதழின் செல்வாக்குமிக்க 100 பேர் பட்டியலிலும் இடம்பிடித்தார்.

'ஹவுஸ்' என்ற பிரபல அமெரிக்க மருத்துவத் தொடரைப் பார்த்திருக்கீங்களா? அதில் ஒரு பகுதியில் மாய வலியுள்ள பக்கத்து வீட்டுக்காரருக்கு கண்ணாடிப் பெட்டிதான் மருந்து!

அவருடைய பாணியைக் கவனித்தால் மூன்று விஷயங்கள் தெரியும்:

- முதலில் ஒரு மனிதரின் பிரச்னை. கோட்பாடு அதற்குப் பிறகுதான்.
- கேட்பவரே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை.
- துப்பறியும் கதை மாதிரி, ஒவ்வொரு தடயமாக எடுத்துவைக்கும் விதம்.

எங்கே சறுக்கல்?

கதை நல்லா இருந்தால், ஆதாரம் வருவதற்கு முன்பே அது ஊரெல்லாம் பரவிவிடும். ராமச்சந்திரன் விஷயத்திலும் இது நடந்தது.

1. 'மிர்ரர் நியூரான்': 1990-களில் இத்தாலியின் பார்மா நகரில் ரிசோலாட்டி குழு குரங்குகளிடம் ஒருவகை மூளை செல்களைக் கண்டது. குரங்கு தானே ஒரு பொருளை எடுக்கும்போதும் அவை வேலை செய்தன, இன்னொருவர் எடுப்பதைப் பார்க்கும்போதும் வேலை செய்தன. 2000-ல் ராமச்சந்திரன், உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்கு இந்த செல்கள் செய்யும் என்ற அர்த்தத்தில் எழுதினார். மொழி, நாகரிகம், மற்றவர் வலியை உணர்வது எல்லாவற்றுக்கும் இதுவே சாவி என்ற பேச்சு பரவியது. ஆனால், அந்த அளவுக்கு ஆதாரம் இல்லை என்று பலர் எதிர்த்தார்கள். 2014-ல் கிரெகரி ஹிக்காக் என்ற ஆய்வாளர் இதை மறுத்து ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

2. ஆட்டிசம்: மிர்ரர் நியூரான்கள் சரியாக வேலை செய்யாததே ஆட்டிசத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ராமச்சந்திரன் குழு சொன்னது. ஆட்டிசம் உள்ள 10 பேரின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்த ஆய்வு அதற்கு முக்கிய ஆதாரமாக இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் ஒரே மாதிரியான முடிவைத் தரவில்லை. இன்று இந்தக் கருத்துக்குப் பெரிய ஆதரவு இல்லை. பிள்ளைக்கு ஏன் இப்படி என்று தெரியாமல் தவிக்கும் பெற்றோருக்கு, 'உடைந்த கண்ணாடி' என்ற ஒற்றை வரி விளக்கம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று யோசித்துப் பாருங்க. அதனால்தான் இந்த விமர்சனம் முக்கியமாகிறது.

3. மூளை மேப்: முகம் வந்து கையின் இடத்தைப் பிடிக்கிறது என்ற விளக்கமும் கேள்விக்குள்ளானது. 2013-ல் டமார் மேக்கின் குழு, கையை இழந்து பல வருடமானவர்களின் மூளையிலும் கைக்கான இடம் பெரிதும் அப்படியே இருப்பதாகச் சொன்னது. 2025-ல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. கையை எடுப்பதற்கு முன்பும் பின்பும் 3 பேரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கையின் மேப் கிட்டத்தட்ட மாறவே இல்லை!

அப்படியானால் பஞ்சுக் குச்சி சோதனை பொய்யா? இல்லை. சிலருக்கு முகத்தைத் தொட்டால் இல்லாத கையில் உணர்வு வருவது பதிவான விஷயம். அது ஏன் வருகிறது என்ற விளக்கம்தான் மாறிக்கொண்டிருக்கிறது.

ராமச்சந்திரன் பக்கத்திலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தான் எழுதுவதில் எது யூகம், எது நிரூபணமானது என்பதைப் பல இடங்களில் அவரே பிரித்துச் சொல்லியிருக்கிறார். அவரிடமிருந்து செய்தியாக, மேடைப் பேச்சாக, பார்வேர்டு மெசேஜாக மாறும்போது அந்த 'இருக்கலாம்' என்ற வார்த்தை காணாமல் போய்விடுகிறது. இதில் ஊடகங்களுக்கும் பங்கு உண்டு.

மூளை பற்றிய செய்தியைப் படிக்கும்போது என்ன கேட்கணும்?

இனி 'மூளையை இப்படி மாற்றலாம்', 'இந்தப் பகுதிதான் காரணம்' என்று எந்த வீடியோ வந்தாலும், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்க:

- எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? ஒருவரின் கதை ஆர்வத்தைத் தூண்டும். முடிவு சொல்ல அது போதாது.
- வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா? பூபா, கிக்கி மாதிரி, திரும்பச் செய்தபோது அளவு குறைந்ததா?
- பார்த்தது எது, விளக்கம் எது? மாயக் கை அசைந்தது பார்த்த விஷயம். ஏன் அசைந்தது என்பது விளக்கம். விளக்கம் நாளைக்கு மாறலாம்.

கண்ணாடி சிகிச்சையே இதற்கு நல்ல உதாரணம். அது ஏன் வேலை செய்கிறது என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால், கையை, காலை இழந்து வலியோடு வரும் ஒருவரிடம் 'இல்லாத கால் எப்படி வலிக்கும்?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பாமல், எதிரே ஒரு கண்ணாடியை வைத்து 'எங்கே, இப்போ அசைச்சுப் பாருங்க' என்று சொல்லும் இடங்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. அது தொடங்கியது அந்தச் சின்னப் பெட்டியில்தான்.